கொட்டிலும் பட்டறையும்: ஒரு கார் அருங்காட்சியகத்தை வாசித்தல்

1

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. சொந்தமாக ஒரு மொபெட்கூட வைத்துக்கொண்டதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால், ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டில் இருக்கிற அக்கா வீட்டுக்கு விடுமுறையில் போயிருந்தபோது, 'எங்கடா போகணும், சொல்லு' என்று அக்கா கேட்டதும், 'போர்ஷே மியூசியம்' என்று பட்டென்று சொன்னது நான்தான். ஹெகல் பிறந்த ஊர் அது. அவர் பிறந்த வீட்டைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். தமிழ் எம்.ஏ. படித்துவிட்டு இருபது வருஷமாகக் கோட்பாடு, விமர்சனம் என்று பேசிக்கொண்டு திரிகிறவன் அங்கேதான் முதலில் போயிருக்க வேண்டும். ஹெகல் இரண்டாம் நாளுக்குத் தள்ளிப்போனார்.

காரணம் உண்டு. அப்பா திருச்செங்கோட்டில் லாரி பாடி கட்டும் பட்டறையில் டிங்கர் வேலை பார்த்தவர். தகட்டைத் தட்டி வளைப்பது, ஒடுக்கு எடுப்பது, கேபின் மூக்கை நிமிர்த்துவது. அந்தச் சுத்தியல் சத்தத்தில்தான் நான் எட்டுத்தொகையும் பத்துப்பாட்டும் மனப்பாடம் பண்ணினேன். ஆக, வளைந்த தகட்டைப் பார்த்தால் என் கை தன்னால் அதைத் தடவப் போகும். இது விமர்சகனுக்குரிய 'விலகல்' கிடையாது. இந்தக் கட்டுரையில் அந்த விலகல் இருப்பதாக நான் பாவனை செய்யப்போவதும் இல்லை.

அக்கா மகனும் நானும் போனோம். அவனுக்குப் பன்னிரண்டு வயது. எந்தக் கார் எத்தனை சிலிண்டர் என்பது அவனுக்கு மனப்பாடம். எஸ்-6 என்கிற புறநகர் ரயிலில் ஏறி நோய்விர்ட்ஸ்ஹவுஸ் நிறுத்தத்தில் இறங்கினால் எதிரே சுஃபன்ஹவுசன் தொழிற்சாலையும் அருங்காட்சியகமும். தொழிற்சாலைகள் சூழ்ந்த சதுக்கத்தின் நடுவில் மூன்று வெள்ளைத் தூண்கள் வெவ்வேறு உயரத்தில் வானத்தைப் பார்த்துக் கிளம்புகின்றன. உயரமான தூண் 24 மீட்டர். ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு 911 கார் செருகப்பட்டிருக்கிறது. கல்கத்தாவில் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்த ஜெரி ஜூடா என்ற சிற்பி 2015இல் செய்தது. 'மேலெழும் ஊக்கம்' என்ற பொருளில் அதைப் பார்க்கச் சொல்கிறார்கள். நம்ம ஊர்க் கண்ணுக்கு அது கழுவேற்றம் மாதிரி தெரிகிறது. இரண்டு வாசிப்பும் ஒரே பொருளின் மேல் நிற்க முடியும் என்பதை மட்டும் இப்போதைக்குக் குறித்துக்கொள்வோம்.

அருங்காட்சியகம் 2009 ஜனவரி கடைசியில் திறக்கப்பட்டது. வடிவமைத்தவர்கள் வியன்னாவின் டெலூகன் மைஸ்ல் நிறுவனத்தார். பெரிய வெள்ளைப் பெட்டி ஒன்றை மூன்று 'வி' வடிவக் கால்களின்மேல் தூக்கி வைத்த மாதிரி இருக்கிறது கட்டடம். எடை என்பதே தெரியக்கூடாது என்பது அதன் பிரயத்தனம். கீழே வாசல், காப்பிக்கடை, பட்டறை. நீளமான நகரும் படிக்கட்டில் ஏறி மேலே போனால் காட்சிக்கூடம். சுமார் 80 வண்டிகள். தரை வெள்ளை, சுவர் வெள்ளை, கூரை வெள்ளை. எங்கேயும் ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது.

பெனடிக்ட் ஆண்டர்சன் தன் புத்தகத்தின் 1991ஆம் ஆண்டுப் பதிப்பில் மக்கள்தொகைக் கணக்கு, வரைபடம், அருங்காட்சியகம் மூன்றையும் காலனிய அரசு தன் ஆளுகையைக் கற்பனை செய்துகொண்ட மூன்று நிறுவனங்களாகப் பார்த்தார். அரசுகள் செய்த அந்த வேலையை இன்று நிறுவனங்கள் செய்கின்றன. ஸ்டுட்கார்ட்டிலேயே இப்படி இரண்டு. மெர்சிடிஸ்-பென்ஸ் அருங்காட்சியகம் 2006இல் வந்தது, போர்ஷே 2009இல். ஒரு தேசம் தன் வரலாற்றை எழுதும்போது யாரைச் சேர்க்கிறது, யாரை விடுகிறது என்று நாம் கேட்டுப் பழகியிருக்கிறோம். ஒரு கம்பெனி எழுதும்போது கேட்பதில்லை. 'அவங்க விளம்பரம்தானே' என்று விட்டுவிடுகிறோம். ஆனால் அங்கே வருகிற குழந்தை அதை விளம்பரமாகப் படிப்பதில்லை. வரலாறாகத்தான் படிக்கிறது.

2

மேலே போனதும் முதலில் எதிர்ப்படுவது ஒரு கூடு. 'டைப் 64' என்ற வண்டியின் உடல். சாயம் பூசாத அலுமினியம். எஞ்சின் கிடையாது. தண்ணீர்த் துளியைப் பக்கவாட்டில் இழுத்துவிட்ட மாதிரி ஒரு வடிவம். மூலக்கூடு அல்ல, அதை மீண்டும் கையால் தட்டிச் செய்திருக்கிறார்கள். நான் இதன் முன்னால் வெகுநேரம் நின்றேன். தகடு சக்கரங்களையும் சேர்த்து மூடிக்கொண்டு போகிற அந்த இடத்தில் வளைவு இரண்டு திசையில் ஒரே நேரத்தில் திரும்புகிறது. இந்த மாதிரி வளைவைத் தட்டி எடுப்பது எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியும். ஒரு அடி தப்பினால் தகடு நீண்டுபோகும். நீண்ட தகட்டைச் சுருக்குவது தட்டுவதைவிடக் கஷ்டம்.

இந்த வண்டி ஏன் செய்யப்பட்டது? 1939 செப்டம்பரில் பெர்லினிலிருந்து ரோமுக்கு ஒரு நெடுந்தூரக் கார்ப் போட்டி திட்டமிடப்பட்டிருந்தது. அதற்காக மூன்று வண்டிகள் செய்தார்கள். போட்டி நடக்கவில்லை, ஏனென்றால் போர் 'வந்துவிட்டது'. நம் வாத்தியார்கள் சொல்லிக்கொடுத்த எழுவாய், பயனிலைப் பாடம் இங்கேதான் உதவுகிறது. மோட்டார் வரலாறுகளில் போர் எப்போதும் எழுவாயாக வருகிறது. மழை வருகிற மாதிரி வருகிறது. அதைச் செய்தவர்கள் வாக்கியத்தில் இருப்பதில்லை. பெர்லின், ரோம் என்ற இரண்டு தலைநகரங்களை ஒரு பந்தயச் சாலையால் இணைக்க 1939இல் யாருக்கு ஆசை இருந்தது என்ற கேள்வியை அந்தப் பளபளப்பான அலுமினியம் வழுக்கிவிடுகிறது.

டைப் 64இன் அடித்தளம் 'மக்கள் கார்'. 1934இல் ஃபெர்டினண்ட் போர்ஷேயின் வடிவமைப்பு அலுவலகம் அந்தக் காரை வடிவமைக்கும் ஒப்பந்தத்தைப் பெற்றது. நாஜிகளின் 'மகிழ்ச்சி வழி வலிமை' என்ற அமைப்பு அதைச் சேமிப்புத் திட்டமாக விற்றது. வாராவாரம் ஸ்டாம்ப் வாங்கி அட்டையில் ஒட்ட வேண்டும். நம்ம ஊர் நகைச்சீட்டு மாதிரிதான். சுமார் 3,36,000 பேர் சேர்ந்தார்கள். ஒருவருக்கும் நாஜி ஆட்சிக் காலத்தில் கார் கிடைக்கவில்லை. தொழிற்சாலை போர் வண்டிகள் செய்யப் போய்விட்டது.

2019 ஆகஸ்டில் அமெரிக்காவில் இந்த டைப் 64 வண்டி ஒன்றை ஏலம் விட்டார்கள். ஏலம் கூறியவரின் உச்சரிப்பில் பதின்மூன்று மில்லியன் முப்பது மில்லியனாகக் கேட்டது. திரையில் எண் ஏறிக்கொண்டே போய் 70 மில்லியன் டாலர் என்று காட்டியது. கூட்டம் கைதட்டியது. பிறகு 17 என்று திருத்தினார்கள். வண்டி விற்காமலே போனது. அந்தக் காரின் மதிப்பு எதில் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை. குறிப்பான் நழுவியதும் 53 மில்லியன் கூடியது, பிறகு குறைந்தது. தகட்டில் ஒரு கீறல்கூட மாறவில்லை.

காட்சிக்கூடத்தில் ஒவ்வொரு வண்டிக்கும் பக்கத்தில் விவரம் இருக்கிறது. செய்த ஆண்டு, எஞ்சின், கொள்ளளவு, குதிரைத்திறன், உச்ச வேகம். என் மருமகன் இதை ஒவ்வொன்றாக உரக்கப் படித்துக்கொண்டே வந்தான். ஒரு கட்டத்தில் எனக்கு அது நிகண்டு ஓதுவது மாதிரி இருந்தது. எதை அளக்கிறோம் என்பதுதான் ஒரு சொல்லாடலின் முதல் விதி. இங்கே அளக்கப்படுவது வண்டி என்ன செய்யும் என்பது. வண்டியைச் செய்ய என்ன ஆனது என்பதற்கு அந்த இலக்கணத்தில் வேற்றுமை உருபே இல்லை.

3

அங்கே இன்னொரு வண்டி இருக்கிறது. 'செம்பெர் விவுஸ்'. லத்தீனில் 'என்றும் உயிரோடு'. 1900ஐ ஒட்டி, ஃபெர்டினண்ட் போர்ஷே இருபத்தைந்து வயது இளைஞராக லோனர் என்ற ஆஸ்திரிய வண்டிக் கம்பெனியில் இருந்தபோது செய்தது. பெட்ரோல் எஞ்சின் சக்கரத்தைச் சுற்றாது. அது மின்னாக்கியைச் சுற்றும், அந்த மின்சாரம் சக்கரத்தின் குடத்திலேயே பொருத்திய மோட்டாரை ஓட்டும். மூலவண்டி இல்லை. 2011இல் பழைய படங்களையும் வரைபடங்களையும் வைத்து மறுபடி செய்தார்கள். ஏன் 2011இல்? அப்போதுதான் கம்பெனி தன் கலப்பின வண்டிகளைச் சந்தைக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தது. புதுப் பணக்காரன் கோத்திரம் தேடுகிற மாதிரி, புதுத் தொழில்நுட்பத்துக்கு ஒரு கொள்ளுத்தாத்தா தேவைப்பட்டார். 1900இலிருந்து 2011க்கு ஒரு கோடு இழுக்கப்பட்டது.

கோடு உண்மைதான். ஆனால் இடையில் ஒரு புள்ளி இருக்கிறது. 1941இலிருந்து ஃபெர்டினண்ட் போர்ஷே ஹிட்லர் அரசின் டாங்கிக் குழுவுக்குத் தலைமை ஏற்றிருந்தார். டைகர் டாங்கிக்கு அவர் கொடுத்த வடிவம் தேர்வாகவில்லை. ஏற்கெனவே செய்து வைத்த அடிச்சட்டங்களை வீணாக்காமல் அவற்றின்மேல் பெரிய பீரங்கி ஏற்றி டாங்கி அழிப்பு வண்டிகள் செய்தார்கள். சுமார் 90. அவற்றின் இயக்கம் எப்படி? இரண்டு பெட்ரோல் எஞ்சின்கள் மின்னாக்கியைச் சுற்றும், மின்சாரம் மோட்டார்களை ஓட்டும், மோட்டார்கள் சங்கிலிச் சக்கரத்தை ஓட்டும். அதே தத்துவம், அதே மனிதர். 1943 ஜூலையில் குர்ஸ்க் போரில் இறங்கிய அந்த வண்டியின் பெயர் என்ன தெரியுமா? 'ஃபெர்டினண்ட்'. அவருடைய சொந்தப் பெயர்.

குடும்பப் பெயர் தாங்கிய வண்டிகள் எண்பது அங்கே இருக்கின்றன. அவர் தனிப்பெயர் தாங்கிய வண்டி அங்கே இல்லை. இன்று உலகத்தில் எஞ்சியிருப்பவை இரண்டு. ஒன்று ரஷ்யாவில், ஒன்று அமெரிக்காவில், இரண்டும் படைத்துறைச் சேகரிப்பில். தோற்றவனின் ஆயுதம் ஜெயித்தவன் வீட்டில்.

'சுத்தமான' தொழில்நுட்பத்தின் வம்சாவளி இப்படி ஒரு பிணக்காட்டு வழியாகப் போகிறது என்பதற்காக இன்றைய மின்கார் பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. அது அசட்டு வாதம். மின்னாக்கிக்கு ஒழுக்கம் கிடையாது. நான் சொல்வது வம்சாவளி எழுதுகிற முறையைப் பற்றி. மூதாதையைத் தேர்ந்தெடுக்கிற உரிமை எழுதுகிறவனிடம் இருக்கும்போது, குடும்ப மரத்தில் எந்தக் கிளை வெட்டப்பட்டது என்று பார்ப்பதுதான் வாசகன் வேலை. நம் சாதிப் புராணங்களை வாசிக்க இந்த முறையைத்தான் பயன்படுத்துகிறோம். கம்பெனிப் புராணத்துக்கு மட்டும் விலக்கு எதற்கு?

4

கம்பெனியின் முழுப்பெயரில் போர்ஷேக்கு முன்னால் மூன்று சுருக்கெழுத்துகள் இருக்கும். விரித்தால் 'மதிப்புறு பொறியியல் முனைவர்' என்று வரும். பெயருக்கு முன்னால் கௌரவ டாக்டர் போட்டுக்கொள்வது நம்ம ஊர் அரசியல்வாதிகளின் தனிச்சொத்து என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை.

1931இல் ஸ்டுட்கார்ட்டில் அந்தக் கம்பெனியைப் பதிவு செய்தபோது பங்குதாரர்கள் மூன்று பேர். ஃபெர்டினண்ட் போர்ஷே, அவருடைய மருமகன் ஆன்டன் பீயெஹ், மூன்றாவதாக அடோல்ஃப் ரோசன்பெர்கர். ரோசன்பெர்கர் 1900இல் ஃபோர்ட்ஸ்ஹைமில் பிறந்தவர். பந்தய ஓட்டுநர். கம்பெனி கடனில் தள்ளாடிய தொடக்க ஆண்டுகளில் பணம் போட்டவரும், வணிகப் பொறுப்பைப் பார்த்தவரும் அவர். யூதர்.

1933இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததை ஒட்டி அவர் பொறுப்பிலிருந்து விலகினார். 1935 ஜூலையில் அவருடைய 10 சதவீதப் பங்கு கைமாறியது. கொடுக்கப்பட்ட விலை 3,000 மார்க். அதாவது 1931இல் பத்திரத்தில் எழுதிய முகமதிப்பு. அந்த செப்டம்பரில் 'இனத்தூய்மையைக் கெடுத்தார்' என்று கைது செய்து கிஸ்லாவ் முகாமில் அடைத்தார்கள். வெளியே வந்து பிரான்ஸ் போனார், அங்கிருந்து அமெரிக்கா. பெயரையும் மாற்றிக்கொண்டார். ஆலன் ராபர்ட். போருக்குப் பிறகு வழக்குத் தொடுத்தார். 1950இல் சமரசம். 50,000 மார்க்கும் ஒரு காரும். 1967இல் கலிஃபோர்னியாவில் இறந்தார்.

இந்தக் கதை இன்று ரகசியம் இல்லை. 2017இல் வரலாற்றாசிரியர் வுல்ஃப்ராம் பியூட்டா தலைமையில் கம்பெனியின் தொடக்க கால வரலாறு விரிவாக வெளிவந்தது. 2019இல் ஜெர்மன் தொலைக்காட்சியில் ரோசன்பெர்கர் பற்றி ஆவணப்படம் வந்தது. 2022இல் டேவிட் டி யாங்கின் புத்தகம் வந்தது. ஆகவே 'மறைத்துவிட்டார்கள்' என்று கூச்சல் போடுவது என் நோக்கம் கிடையாது. என் கேள்வி வேறு. இப்படிப்பட்ட ஒரு மனிதரை இந்த அருங்காட்சியகத்தின் *வடிவம்* எங்கே வைக்கும்? காட்சிக்கூடத்தின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எழுவாய் கார். கார் இருக்கிறது, அதற்குப் பீடம் இருக்கிறது, அதற்கு வெளிச்சம் இருக்கிறது. ரோசன்பெர்கர் ஒரு கார் அல்ல. அவர் பத்திரத்தில் ஒரு கையெழுத்து, அந்தப் பத்திரத்திலிருந்து ஒரு நீக்கம். நீக்கத்தைப் பீடத்தில் ஏற்றுவது எப்படி? சுவரில் நாலு வரி எழுதலாம். எண்பது கார்களின் நடுவே நாலு வரி என்பது உரையாசிரியன் அடைப்புக்குறிக்குள் போடுகிற 'இவ்வாறு கூறுவாரும் உளர்' மாதிரி ஆகிவிடும்.

இதோடு வைத்துப் பார்க்க வேண்டிய ஒரு தமாஷ் உண்டு. 1963இல் ஃபிராங்ஃபர்ட் கண்காட்சியில் வைத்த புது வண்டிக்குப் பெயர் 901. நடுவில் பூஜ்யம் வரும் மூன்றிலக்கப் பெயர் பிரான்சில் தங்களுக்கே உரிமை என்று பூஜோ கம்பெனி ஆட்சேபித்தது. போர்ஷே ஒத்துக்கொண்டு 1964இல் 911 என்று மாற்றியது. உலகப் புகழ் பெற்ற எண் அப்படித்தான் வந்தது. வழிகாட்டிகள் சிரித்துக்கொண்டே சொல்கிற கதை இது. ஒரு பூஜ்யத்துக்குச் சட்டபூர்வமான உரிமையாளர் இருக்கிறார், அவர் உரிமை மதிக்கப்படுகிறது. மூவரில் ஒருவராகக் கையெழுத்துப் போட்டவர் தன் பத்து சதவீதத்துக்கு நீதிமன்ற வாசலில் நிற்க வேண்டியிருந்தது. 2022 செப்டம்பரில் கம்பெனி பங்குச் சந்தைக்கு வந்த நாளில் அதன் மதிப்பு சுமார் 75 பில்லியன் யூரோ. 3,000ஐயும் 75 பில்லியனையும் நேராகப் பெருக்கிக் கழித்துப் பார்ப்பது நேர்மையான கணக்கு ஆகாது என்று தெரியும். இருந்தாலும் ரயிலில் திரும்பும்போது மனசு அதைத்தான் போட்டுக்கொண்டிருந்தது.

கட்டாய உழைப்பாளிகள் விஷயமும் இப்படித்தான். போர்ஷே நிர்வகித்த வோல்க்ஸ்வாகன் தொழிற்சாலையில் போர்க்காலத்தில் சுமார் 20,000 பேர் கட்டாய உழைப்பாளிகளாக இருந்தார்கள். போலந்து, சோவியத் நாட்டுப் பெண்கள் அங்கே பெற்ற குழந்தைகளைப் பிரித்து ருயூன் என்ற இடத்தில் வைத்தார்கள். முந்நூறுக்கு மேற்பட்ட குழந்தைகள் அங்கே செத்தன. சுஃபன்ஹவுசனிலும் கட்டாய உழைப்பு இருந்தது. வோல்ஃப்ஸ்புர்க்கில் தொழிற்சாலை வளாகத்துக்குள்ளேயே, போர்க்காலப் பதுங்கறை ஒன்றில், 1999இல் ஒரு நினைவுக் காட்சி திறந்தார்கள். அதற்கு முன்பே 1996இல் ஹான்ஸ் மொம்சனும் மன்ஃப்ரெட் கிரீகரும் ஆயிரம் பக்கத்துக்குக் குறையாத வரலாறு எழுதினார்கள். பதுங்கறையில் பளபளப்புக்கு வழியில்லை. அந்த இடமே பேசுகிறது. வெள்ளைப் பெட்டியைக் கால்மேல் தூக்கி நிறுத்திய கட்டடத்தில், தரையில் நடந்தது எதுவும் மேலே ஏறிவர முடிவதில்லை. கட்டடக் கலையே ஒரு வாதமாக இருக்கிறது என்று நான் சொல்வது இதைத்தான்.

5

இவ்வளவு சொல்லிவிட்டு உண்மையை மறைக்கக் கூடாது. எனக்கு அங்கே சந்தோஷமாக இருந்தது.

மேலே கூரையில் 956 என்ற பந்தய வண்டி தலைகீழாகத் தொங்குகிறது. 1982 ல மான் பந்தயத்தில் முதல் மூன்று இடத்தையும் பிடித்த ரகம். அதன் அடிப்பாகத்தில் காற்று ஓடும் விதம் வண்டியைத் தரையோடு அழுத்துகிறது. மணிக்கு 320 கிலோமீட்டரைத் தாண்டினால் அந்த அழுத்தம் வண்டியின் எடையை மிஞ்சுமாம். ஆகவே கணக்குப்படி அது கூரையில் ஓடலாம். 'மாமா, நிஜமாவே ஓடுமா?' என்றான் மருமகன். 'கணக்கு அப்படிச் சொல்லுது. யாரும் ஓட்டிப் பார்க்கலை' என்றேன். இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம். அந்த நிமிஷத்தில் எந்தக் கோட்பாடும் என் ஞாபகத்துக்கு வரவில்லை.

அப்புறம் இளஞ்சிவப்புப் பன்றி. 917/20. 1971 ல மான் பந்தயத்துக்காகச் செய்த ஒற்றை வண்டி. அகன்று உப்பிய உடல். அதன் அசிங்கத்தைக் கேலியாக்கி, முழுக்க இளஞ்சிவப்புச் சாயம் பூசி, கசாப்புக் கடைப் படத்தில் போடுகிற மாதிரி கோடு கிழித்து, தொடை, விலா, மூக்கு என்று உறுப்பு உறுப்பாகப் பெயர் எழுதிவிட்டார்கள். பந்தயத்தை முடிக்காமல் விபத்தில் விலகியது. ஜெயித்த வண்டிகளை விட இதன் முன்னால்தான் கூட்டம். அந்தக் கூடத்திலேயே தன்னைத் தானே கட்டுடைத்துக்கொண்ட ஒரே பிரதி இதுதான். நான் ஓர் உடல், என்னைத் துண்டு போட்டு விற்கலாம் என்று அது சொல்கிறது. பக்கத்தில் நிற்கும் மற்ற எல்லா வண்டிகளும் தங்களைத் தகடு தகடாக யாரோ பொருத்தினார்கள் என்பதை மறக்கடிக்கத்தான் பாடுபடுகின்றன. ரோலாண் பார்த் சித்ரோயன் காரைப் பற்றி எழுதியபோது கவனித்தது இதைத்தான். இணைப்புகள் தெரியாத பொருளை மனிதன் செய்ததாக நம்ப மனசு வருவதில்லை. வானத்திலிருந்து விழுந்ததாகத் தோன்றிவிடுகிறது.

இந்தச் சந்தோஷத்தை என்ன செய்வது? மரினெட்டி 1909இல் பந்தயக் காரை கிரேக்கச் சிற்பத்தைவிட அழகு என்று அறிக்கை விட்டதும், அந்த வேக வழிபாடு பிறகு முசோலினியிடம் போய்ச் சேர்ந்ததும் நமக்குத் தெரியும். 'ஆகவே வேகத்தை ரசிப்பவன் பாசிஸ்ட்' என்று முடித்துவிடுவது சுலபம். நம் சிற்றிதழ்களில் இந்த மாதிரி 'ஆகவே'க்களை நிறையப் பார்த்திருக்கிறேன், நானும் எழுதியிருக்கிறேன். அதில் ஒரு பொய் இருக்கிறது. அந்த வளைவைப் பார்த்து எனக்கு வந்த சந்தோஷம் வேகத்தினால் வந்ததல்ல. அது நிற்கிற வண்டி. சந்தோஷம் கையினால் வந்தது. யாரோ ஒருவருடைய கை அந்த அலுமினியத்தை அப்படித் திருப்பியிருக்கிறது என்று என் கைக்குத் தெரிந்ததால் வந்தது. அந்தக் கூடம் எனக்கு இன்பத்தைக் கொடுத்துவிட்டு அதன் காரணத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. எனக்குச் சண்டை இன்பத்தோடு இல்லை, இந்தப் பறிப்போடுதான்.

தான் கனவு கண்ட காரைத் தேடி எங்கும் கிடைக்காததால் தானே செய்ததாக ஃபெர்டினண்டின் மகன் ஃபெர்ரி போர்ஷே சொன்னதைக் கம்பெனி மந்திரம் மாதிரி திருப்பித் திருப்பிச் சொல்லும். 1948 ஜூனில் பதிவான முதல் 356 வண்டியும் அங்கே நிற்கிறது. ஆஸ்திரியாவில் க்முண்ட் என்ற மலைச் சிற்றூரில், குண்டுவீச்சுக்குப் பயந்து இடம் மாறியிருந்த கம்பெனி, ஒரு பழைய மரமில்லில் வைத்து அதைச் செய்தது. அங்கே செய்த ஐம்பதை ஒட்டிய வண்டிகளுக்கும் உடல் அலுமினியம். மர அச்சின்மேல் தகட்டைப் போட்டுச் சுத்தியலால் தட்டினார்கள். 'நானே செய்தேன்' என்ற வாக்கியத்தில் தன்வினை எங்கே முடிகிறது, பிறவினை எங்கே தொடங்குகிறது? 'கட்டினான்' என்றும் 'கட்டுவித்தான்' என்றும் தனித்தனியாகச் சொல்ல நம் மொழியில் வசதி இருக்கிறது. இருந்தும் நாமும் 'ராஜராஜன் கட்டிய கோயில்' என்றுதான் எழுதுகிறோம்.

6

கீழே இறங்கினோம். வாசலை ஒட்டிக் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் பட்டறை. காட்சி வண்டிகளையும், வெளியார் கொண்டுவருகிற பழைய வண்டிகளையும் அங்கேதான் பழுது பார்க்கிறார்கள். இந்த அருங்காட்சியகத்தின் வண்டிகள் வெறுமனே நிற்பவை அல்ல, விழாக்களுக்கும் பந்தயங்களுக்கும் ஓட்டிப் போவார்கள். நாங்கள் பார்த்தபோது ஒருவர் பின்பக்கம் திறந்த ஒரு வண்டிக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார். மேலே இல்லாத எண்ணெய்க் கறை அவர் துணியில் இருந்தது.

தமிழ் படித்தவனுக்கு இங்கே ஒரு பாட்டு ஞாபகம் வராமல் இருக்காது. புறநானூறு 95. அதியமானுக்காகத் தூது போன ஔவைக்குத் தொண்டைமான் தன் படைக்கொட்டிலைக் காட்டுகிறான். இங்கே இருப்பவை மயிற்பீலி சூட்டி, மாலை போட்டு, நெய் தடவி, காவல் மிகுந்த மாளிகையில் இருக்கின்றன, எங்கள் மன்னனுடையவையோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறாள். புகழ்வது போலப் பழிப்பதற்கு உதாரணமாக நம் ஆசிரியர்கள் நடத்துவார்கள். அருங்காட்சியகத்தைப் பற்றித் தமிழில் எழுதப்பட்ட முதல் விமர்சனம் என்று நான் இதைச் சொல்லுவேன். பளபளப்பு என்பது பயன்படாமையின் அடையாளம் என்று அவள் கண்டுபிடித்துவிட்டாள். மாளிகையையும் பட்டறையையும் எதிரெதிரே நிறுத்தியது அந்தப் பாட்டு. சுஃபன்ஹவுசனில் இரண்டையும் மேலும் கீழுமாக அடுக்கி நடுவில் கண்ணாடி போட்டிருக்கிறார்கள்.

ஆனால் இந்தப் பாட்டோடும் நிற்க முடியாது. நுனி முறிந்த வேல் எதில் முறிந்தது? மனித உடம்பில். கொட்டிலைக் கேலி செய்து பட்டறையைத் தூக்கிப் பிடிக்கும் ஔவை, போர்முனையை அல்லவா தூக்கிப் பிடிக்கிறாள்? 'ஃபெர்டினண்ட்' பயன்பட்ட வண்டிதான். நுனி முறிய முறியப் பயன்பட்டது. பயன்பாடு என்பதே நியாயம் ஆகிவிடாது.

அதே ஔவை, அதே அதியமானைப் பற்றி இன்னொரு பாட்டில், ஒரு நாளில் எட்டுத் தேர் செய்ய வல்ல தச்சன் ஒரு மாதம் உட்கார்ந்து செய்த ஒரே சக்கரத்தைப் போன்றவன் என்கிறாள். அது 87ஆம் பாட்டு. என்ன அளவை பாருங்கள். சக்கரத்தின் மேன்மை அது எவ்வளவு வேகமாக உருண்டது என்பதில் இல்லை. அதற்குள் எத்தனை நாள் உழைப்பு இறங்கியது என்பதில் இருக்கிறது. எட்டுத் தேரை ஒரு நாளால் வகுத்து, ஒரு சக்கரத்தை ஒரு மாதத்தால் பெருக்கி, உழைப்பு நேரத்தை மதிப்பின் அளவுகோலாக்கியிருக்கிறாள். மேலே காட்சிக்கூடத்தில் எண்பது விவரப் பலகைகளில் நான் தேடிக் கிடைக்காத வரி இது.

இதை வைத்து 'அன்றே சொன்னான் தமிழன்' என்று மார் தட்டக்கூடாது. அந்தத் தச்சனுக்குப் பெயர் உண்டா? அதியமானுக்கு உண்டு. பாடியவளுக்கு உண்டு. தச்சன் உவமையாக வந்து உவமையாகப் போய்விட்டான். திருச்செங்கோட்டு லாரிகளில் பாடி கட்டிய பட்டறையின் பெயர் இருக்கும். எழுத்து எழுதிய ஓவியர் மூலையில் தன் பெயரைப் போட்டிருப்பார். டிங்கர் பெயர் எங்கேயும் இருக்காது. நல்ல டிங்கர் வேலையின் இலக்கணமே சுத்தியல் பட்ட தடம் தெரியக்கூடாது என்பதுதான். அப்பா அதில் பெருமைப்பட்டார். தன் கையைத் தானே அழித்துக்கொள்ளும் வேலையில் ஒருவர் பெருமைப்பட்டார் என்பதை நான் இன்றுவரை எந்தக் கோட்பாட்டுக்குள்ளும் அடக்க முடியாமல் வைத்திருக்கிறேன்.

கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு மருமகன் கேட்டான்: 'தாத்தாவும் இந்த மாதிரி வேலைதான் பார்த்தாருங்களா மாமா?'

'இதே மாதிரிதான். இவ்வளவு சுத்தமா இருக்காது. சத்தம் ஜாஸ்தி.'

'எத்தனை வண்டி செஞ்சிருப்பாரு?'

எனக்குத் தெரியவில்லை. யாரும் எண்ணி வைக்கவில்லை. அந்த மேல்தளத்தில் சேஸிஸ் எண்ணிலிருந்து பந்தய நாள்வரை எல்லாவற்றையும் எண்ணி வைத்திருக்கிறார்கள். எண்ணத் தெரியாதவர்கள் அல்ல அவர்கள். விவரப் பலகையில் கொள்ளளவு, குதிரைத்திறன், உச்ச வேகம் என்ற வரிகளுக்குக் கீழே இன்னொரு வரிக்கு இடம் இருக்கிறது. 'செய்தவர்கள்: இத்தனை பேர், இத்தனை நாள், இவர்களில் விரும்பி வந்தவர்கள் இத்தனை பேர்.' இதைக் கேட்பது காரை வெறுப்பது ஆகாது. அடுத்த தடவை போகும்போதும் நான் முதலில் அந்த அலுமினியக் கூட்டின் முன்னால்தான் போய் நிற்பேன்.